மணிக்கயிற்றுக்கு ஒரு துளை

சுப்பம்மாளுக்குக் குளிர் என்றால் ஆகாது. ரங்கூனில் அலோன் பக்கம் படகுத்துறையை ஒட்டியிருந்த இறால் கம்பெனியில், ஐஸ் ரூமில், பத்தொன்பது வருஷம் நின்று வேலை பார்த்தவள். பத்து விரலில் நாலு இன்றைக்கும் சரியாக மடங்காது. வெற்றிலை மடிக்கும்போது சுண்டுவிரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்டவள் அறுபத்தொன்பதாவது வயதில் குளிரைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவரச் சம்மதித்தாள் என்றால், அதற்குக் காரணம் அவள் மகன் பாலசந்தர்தான்.

பாலசந்தர் கனடாவில் இருக்கிறான். வாரத்தில் இரண்டு நாள் காலை எட்டு மணிக்குப் போனில் முகம் காட்டுவான். இங்கே ரங்கூனில் காலை எட்டு என்றால் அங்கே முந்தின நாள் சாயங்காலம். "நேத்து ஆளோட பேசிக்கிட்டிருக்கேன்" என்பாள் சுப்பம்மாள், யாராவது கேட்டால்.

ஜனவரி மாதம் ஒரு நாள் அவன் சொன்னான்:

"அம்மா, ஏப்ரல்ல வர்றோம். மூணு பேரும்."

ஒன்பது வருஷமாக வராதவன். மருமகள் பூர்ணாவைக் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி. பேத்தி அனுவுக்கு ஆறு வயது. அந்தப் பிள்ளையின் கையைக்கூட இவள் தொட்டதில்லை.

"ஏப்ரல்லயா? திஞ்ஜான் பண்டிகைக்குத் தண்ணி ஊத்துற சமயத்துலயா? இங்க அடுப்பு மேல உக்காந்த மாதிரி இருக்குமேடா."

"லீவு அப்பதான் கெடைக்குது. அதான் பூர்ணா ஒண்ணு சொன்னா. அனுவுக்கு வேர்க்குரு வந்துரும், தூங்கமாட்டா. அதனால…"

"அதனால என்னா? வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருக்க? முழுசாச் சொல்லு."

"பக்கத்துல ஒரு ஹோட்டல் எடுத்துக்கிட்டு, பகல்ல வந்து ஒன்னோட இருக்கலாம்னு…"

சுப்பம்மாள் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். அவனுக்கு அங்கே அவள் மூக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"ஒம்பது வருஷம் கழிச்சு வந்து ஹோட்டல்ல படுக்கிறவன் என்னையப் பாக்க வரலை. ஊரைப் பாக்க வர்றான். ஊரு அங்கேயே படத்துல தெரியும், பாத்துக்க."

"கோவிச்சுக்காதம்மா. ஏசி இருந்தா நம்ம வீட்டுலயே…"

"இருக்கும்."

"என்னா?"

"ஏசி இருக்கும்னேன். வா."

அவள் வீடு பசுந்தாங்கில், பஸ் போகிற ரோட்டிலிருந்து இரண்டாவது தெருவில், நாலாம் மாடி. லிஃப்ட் கிடையாது. ரயில்பெட்டி மாதிரி நீளமான ஒற்றை அறை. முன்னால் தெரு, பின்னால் சந்து. தெருப்பக்கம் பலகை அடித்து ஓர் அறை பிரித்திருந்தார் அவள் புருஷன் சொக்கலிங்கம். படகுத்துறையில் மூட்டை தூக்கினவர். அவர் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. மகன் வந்தால் படுக்க அந்தப் பலகை அறைதான். ஏசி மாட்டவேண்டியதும் அங்கேதான்.

பணம் பாலசந்தர் அனுப்பிவிட்டான். எதை வாங்குவது என்பதையும் அவனே அங்கிருந்து தேர்ந்தெடுக்கப் பார்த்தான். படம் படமாக அனுப்பினான். சுப்பம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. தமிழ் எழுத்தும் தெரியாது, பர்மா எழுத்தும் தெரியாது. படத்தில் எல்லா மிஷினும் வெள்ளையாக, ஒரே மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தன. "நானே போய்ப் பாத்து வாங்கிக்கிறேன். நீ வாயை மூடிக்கிட்டு டிக்கெட்டப் போடு" என்றாள்.

கடையில் இருந்த பர்மாக்காரப் பெண் நல்ல மாதிரி. "அமே, உக்காருங்க" என்று நாற்காலி போட்டாள். அமே என்றால் அம்மா. ரூம் எத்தனை அடி என்று கேட்டாள். சுப்பம்மாள் கையைக் குறுக்கே நீட்டிக் காட்டினாள், அப்புறம் நெடுக்கே நடந்து காட்டினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு இரண்டு குதிரைச்சக்தி மிஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இது வாங்கிக்குங்க அமே. பெருசு. சீக்கிரமா குளிரும்."

"சீக்கிரமா குளிர்ந்து என்ன பண்றது? இறாலா அடுக்கப்போறேன்? புள்ளை படுக்கப்போவுது."

"பெருசு இருந்தா நல்லதுதானே?"

சுப்பம்மாள் பர்மாப் பேச்சில் அவளுக்குப் பாடமே எடுத்துவிட்டாள். ஐஸ் ரூமில் ஒரு தடவை சின்ன அறைக்குப் பெரிய மிஷினைக் கொண்டுவந்து மாட்டினான் முதலாளி. அது சடாரென்று குளிரவைக்கும், நிற்கும். மறுபடி ஓடும், நிற்கும். நின்று நின்று ஓடினதில் காற்றில் இருந்த ஈரம் போகவே இல்லை. சுவரெல்லாம் தண்ணீர் வழிந்தது, பெட்டி அட்டையெல்லாம் ஊறிப்போயிற்று. கடைசியில் ஒரு வருஷத்துக்குள் மிஷினே படுத்துவிட்டது. "அறைக்குத் தக்கன மிஷின். மெதுவா, நிக்காம ஓடணும். அதுதான் குளிர்" என்றாள்.

"அமே எங்க வேலை பாத்தீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"செத்த மீனுக்குப் பக்கத்துல."

அப்புறம் கரண்ட். நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும். சில வாரம் அதுவும் இல்லை. கீழே கட்டடத்துக்குப் பொதுவாக ஒரு ஜெனரேட்டர் உண்டு. அது ஒரு விளக்குக்கும் ஒரு ஃபேனுக்கும்தான் முக்கி முக்கிக் காணும். கடைக்காரப் பெண் ஒரு குதிரைச்சக்தியில் இன்வர்ட்டர் மிஷின் ஒன்றைக் காட்டினாள். எடுத்த எடுப்பில் கரண்டை உறிஞ்சாதாம், மெல்ல ஏறுமாம், வோல்ட்டு குறைந்தாலும் தாங்குமாம்.

"கரண்டு போனா எவ்வளவு நேரம் குளிர் நிக்கும்?"

"அது தெரியாது அமே. அந்த நோட்டீஸ்ல போடலை."

"மிஷின்காரனுக்கு எப்புடித் தெரியும்? அது கதவுல இருக்கு" என்று சொல்லிவிட்டு அதையே எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நாலு நாள் பலகை இடுக்குகளைத் தேடித் தேடிப் பழைய துணியைச் சுருட்டித் திணித்தாள். கதவுக்கு அடியில் சாக்கு மடித்து அடித்தாள். ஐஸ் ரூமில் எவளாவது கதவை ஒரு சாண் திறந்து வைத்தால் குடும்பத்தோடு சேர்த்துத் திட்டுகிறவள் அவள். குளிர் கசிகிற இடத்தை முழங்கையாலேயே கண்டுபிடித்துவிடுவாள்.

இந்த வீட்டில் அவள் அடைக்காத ஒரே இடம் தெரு ஜன்னல். அந்த ஜன்னல் கம்பியிலிருந்து ஒரு நைலான் கயிறு தெரு வரைக்கும் தொங்கும். மேல் நுனியில் வெண்கல மணி, கீழ் நுனியில் ஒரு கிளிப்பு. அந்த ஊரில் மாடி வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் இப்படி ஒரு கயிறு உண்டு. ஒரு தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஐம்பது கயிறு தொங்கும். ரொட்டிக்காரன் வந்து இழுப்பான், மணி அடிக்கும், மேலே இருக்கிறவர்கள் காசைக் கிளிப்பில் மாட்டி இறக்குவார்கள், அவன் ரொட்டியை மாட்டி அனுப்புவான். கீரை, கரண்டு பில்லு, மருந்துக்கடைப் பொட்டலம், எல்லாம் அதில்தான் ஏறும். கீழே வாசலில் வெற்றிலைக் கடை போட்டிருக்கிற வாஜித் பழைய பேப்பரில் சுற்றின வறுத்த கடலையை அதில் மாட்டுவான், காசு கேட்கமாட்டான்.

சுப்பம்மாளுக்கு முட்டி வலி. நாலு மாடி இறங்கினால் ஏற முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் கோயிலுக்குப் போவதாக இருந்தால்தான் இறங்குவாள். மற்ற நாளெல்லாம் அவளுக்கு மனுஷ சகவாசம் அந்தக் கயிறுதான். ஒரு நாளைக்கு நாலு தடவை மணி அடித்தால் நல்ல நாள். இரண்டு என்றால் பரவாயில்லை. ஒரு தடவையும் அடிக்காத நாளும் உண்டு. அன்றைக்குக் கயிறு சிக்கிக்கொண்டதா என்று அவளே நாலு தரம் இழுத்துப் பார்ப்பாள்.

மிஷின் மாட்ட வந்தவன் பெயர் ஜுல்ஃபிகர். நாற்பது வயது, தொந்தி, காதில் பென்சில். வாஜித்துக்குத் தெரிந்த ஆள். வந்ததும் ஜன்னலைப் பார்த்தான், சுவரைத் தட்டினான், கம்பியை ஆட்டினான்.

"அவுட்டோர் பொட்டி இந்த ஜன்னலுக்கு வெளிய, கம்பி மேலதாம்மா வரணும். இந்தக் கயிறு எதுக்கு? கழட்டிரலாமா?"

"ஒன் நாக்கைக் கழட்டிரலாமா?"

"இல்லம்மா, எடைஞ்சலா இருக்கு…"

"எனக்கும்தான் நீ எடைஞ்சலா நிக்கிற. வேலையப் பாரு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே கம்பிக்கு வெளியே தலையை விட்டு ஆணி அடித்தான். கால் மணி நேரத்தில் ஸ்பேனர் கை நழுவித் தெருவில் விழுந்தது. வாஜித் கடைத் தகரத்தில் டமார் என்று ஒரு சத்தம். கீழே இருந்து வாஜித் போட்ட கூச்சல் ஏழாம் மாடி வரைக்கும் கேட்டது. ஜுல்ஃபிகர் நாலு மாடிப் படியை நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மணி அடித்தது.

சுப்பம்மாள் கயிற்றைச் சுருட்டினாள். கிளிப்பில் ஸ்பேனர் மேலே வந்தது.

"எதுக்குக் கயிறுன்னு கேட்டியே. இதுக்குத்தான். பிடி."

அதற்குப் பிறகு அவன் கயிற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவுட்டோரை ஓர் அடி தள்ளி மாட்டினான். ஆனால் சுப்பம்மாளுக்கு வேறு ஒரு கவலை வந்துவிட்டது. ஏசி ஓடும்போது கண்ணாடி ஜன்னலைச் சாத்தவேண்டும். சாத்தினால் மணி வெளியே அல்லவா இருக்கும்? உள்ளே எப்படிக் கேட்கும்?

"தம்பி, குழாய்க்கு ஓட்டை போட்டியே. பக்கத்துல இன்னொண்ணு போடு. விரல் தண்டி. கயித்த உள்ள விட்டு, மணிய உள்ளயே கட்டிக்கிறேன்."

"அம்மா, பலகை இடுக்கெல்லாம் துணி வச்சு அடச்சிருக்கீங்க. கதவுக்குச் சாக்கு அடிச்சிருக்கீங்க. நானும் இத்தனை வீட்டுக்கு மாட்டியிருக்கேன், இப்புடி அடச்ச வீட்ட நான் பாத்ததில்ல. இப்ப நீங்களே ஓட்டை போடச் சொல்றீங்களே. குளிரு வெளிய போயிரும்மா."

"போவட்டும்."

"கரண்டு வீணாப் போவும்."

"என் கரண்டு. போடு."

போட்டான். பழைய கயிறு அந்தத் துளை வழியே நுழைந்து உள்ளே வந்தது; மணி சுவரோரம் ஆணியில் தொங்கியது. சுப்பம்மாள் கண்ணாடியைச் சாத்திக்கொண்டு கத்தினாள், ஜுல்ஃபிகர் கீழே வாஜித்துக்குப் போன் பண்ணினான், வாஜித் இழுத்தான், அறைக்குள் கணீர் என்று அடித்தது. சுப்பம்மாள் தலையை ஆட்டினாள். அன்றைக்கு அவள் யாரையாவது புகழ்ந்தது என்றால் அதுதான்.

போகும்போது ஜுல்ஃபிகர் சொன்னான்: "ஆள் வரலைன்னாலும் வாரத்துக்கு ஒரு தடவ, அரை மணி நேரமாவது ஓட விடுங்க. சும்மா கெடந்தா கெட்டுப்போயிரும்."

"என்னையச் சொல்றியா, மிஷினைச் சொல்றியா?"

மிஷினின் முகத்தில் ஒட்டியிருந்த கண்ணாடித் தாளை அவள் உரிக்கவில்லை. அனு வந்து உரிக்கட்டும் என்று விட்டுவைத்தாள். பிள்ளைகளுக்கு அந்த மாதிரித் தாள் உரிப்பதில் ஓர் ஆசை உண்டு. புதுப் பஞ்சு மெத்தை ஒன்று வாங்கிச் சுருட்டி வைத்தாள்.

பிப்ரவரியில் பாலசந்தர் ஆறு நாள் கூப்பிடவில்லை. ஏழாம் நாள் முகம் வந்தது. தலையில் கம்பளித் தொப்பி, கழுத்து வரைக்கும் கோட்டு. பின்னால் அவன் வீட்டுச் சமையலறை தெரிந்தது.

"வீட்டுக்குள்ள எதுக்குடா தொப்பி?"

"சும்மாம்மா. கொஞ்சம் குளிரு."

"ஒன் வீட்டுக்குள்ளதான் வருஷம் பூரா வெயிலடிக்கும்னு சொல்லுவியே. பனியனோட பேசுவியே. என்னாச்சு?"

"ஃபர்னஸ் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

அது என்னவென்று சுப்பம்மாளுக்குத் தெரியும். போன வருஷம் போனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு அடியில் இறங்கிப்போய்க் காட்டினான். இரும்பு அலமாரி மாதிரி ஒரு பெட்டி. உள்ளே கேஸ் நெருப்பு வரிசையாக நீலமாக எரியும். பக்கத்தில் ஒரு பெரிய விசிறி அந்தச் சூட்டைத் தகரக் குழாய் வழியே ரூம் ரூமாகத் தள்ளும். வெயில் காலத்தில் அதே குழாயில் ஏசிக் குளிர் வரும். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு பாதாளத்தில் ஓர் அடுப்பு எரிகிறது, அதில் யாரும் சோறு பொங்குவதில்லை என்பது சுப்பம்மாளுக்கு அன்றைக்குப் பெரிய அதிசயம்.

"என்ன மக்கரு? சரியாச் சொல்லு. நான் மிஷின் பாத்தவ."

"உள்ள ஒரு தகடு இருக்கும்மா. நெருப்பும் அதோட புகையும் ஒரு பக்கம். நாம மூச்சு விடுற காத்து இன்னொரு பக்கம். ரெண்டும் கலக்கக்கூடாது. அந்தத் தகட்டுல முடி மாதிரி ஒரு விரிசல். பழசுல்ல, இருவத்தோரு வருஷம். ஒரு ஆளு வந்து பாத்துட்டு மாத்துன்னான். இன்னொருத்தன், ஏப்ரல் வரைக்கும் கம்மியா வச்சு ஓட்டிக்கலாம், செவத்துல ஒரு அலாரம் மாட்டிக்கன்னான்."

"அலாரம் எதுக்கு?"

"அந்தப் புகை வீட்டுக்குள்ள வந்தா கூவும்."

"கூவுச்சா?"

பாலசந்தர் தொப்பியைச் சரிசெய்தான்.

"பாலா. கூவுச்சாடா?"

"ஒரே ஒரு தடவ. பேட்டரிக் கோளாறா இருக்கும்னு பூர்ணா சொன்னா. அப்புறம் கூவலை."

"அந்தப் புகை எப்புடி வாடை அடிக்கும்?"

"வாடையே இருக்காதும்மா. நிறமும் கெடையாது, வாடையும் கெடையாது. அதனாலதான் அலாரம்."

சுப்பம்மாள் போனைச் சுவரில் சாத்தி வைத்தாள்.

ஐஸ் ரூமில் அவளுக்குப் பக்கத்தில் நின்று இறால் தலை கிள்ளினவள் கமருன்னிசா. ஒரே வயது, ஒரே வாய். இரண்டு பேரும் பேச ஆரம்பித்தால் மேஸ்திரி வெளியே போய்விடுவான். குளிர்ப்பெட்டிக்கு ஓடுகிற குழாயில் அமோனியா வாயு இருக்கும். ஒரு நாள் மூத்திர வாடை மாதிரி கண்ணைக் கரிக்கிற நெடி வந்தது. "குழாய்ல எங்கயோ முடி மாதிரி விரிசல், நாளைக்கி அடைக்கலாம், இன்னிக்கி லோடு போவணும்" என்றான் மேஸ்திரி. எல்லாரும் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். மத்தியானம் எல்லாரும் வெளியே வந்த பிறகு கமருன்னிசா சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பிப் போனாள். "ரெண்டு நிமிஷம்டி, சுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது தூக்கு அவள் கையிலேயே இருந்தது.

அதற்கு வாடை இருந்தது. கண்ணைக் கரித்தது. எச்சரித்தது. அப்படியும் போனாள். இதற்கு வாடையே கிடையாதாம்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன். அந்தப் பொட்டிய மாத்துறதுல ஒனக்கு என்ன கஷ்டம்?"

"மாத்தினா ரெண்டையும் மாத்தணும்மா. ஃபர்னஸும் பழசு, மேல இருக்கிற ஏசியும் பழசு. ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும், குழாய் ஒண்ணுதான. ஒண்ணை மட்டும் மாத்துனா ரெண்டு வருஷத்துல மறுபடி பிரிக்கணும்கிறான். ரெண்டும் சேந்தா…" அவன் நிறுத்தினான். "டிக்கெட்டுக்கு வச்சிருந்தது பூரா போயிரும்மா. ஏப்ரல்…"

சொல்லவேண்டியதில்லை. சுப்பம்மாளுக்கு அவன் தொப்பியைச் சரிசெய்தபோதே தெரிந்துவிட்டது.

அவள் மேலே பார்த்தாள். வெள்ளை மிஷின் தாள் உரிக்காமல் பளபளவென்று இருந்தது. மூலையில் மெத்தை. ஏப்ரலுக்கு இன்னும் ஏழு வாரம்தான். இரண்டாவது ஆள் ஓட்டலாம் என்றுதானே சொன்னான். அலாரம் இருக்கிறது. கம்மியாக வைத்துக்கொண்டால் ஆகாதா? "ஏழு வாரம்தானடா, சமாளிச்சுக்க" என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் அவன் கேட்பான். அவனும் அதைக் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறான். அவள் வாயால் வரவேண்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறான்.

சுப்பம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"மாத்துடா."

"அம்மா…"

"இன்னிக்கே அந்த நெருப்பை அணை. நீ கீழ எறங்கி அணைச்சுட்டு வா. அதுக்கப்புறம் புள்ளைய வச்சுக்கிட்டு அங்க இருக்காதீங்க."

"அணைச்சா ஒறைஞ்சு போயிருவோம்மா. வெளிய மைனஸ் இருவத்தஞ்சு. எங்க போறது?"

"ஹோட்டல்ல போய்ப் படுங்க. மூணு பேரும்."

பாலசந்தர் சிரிக்கப்போனான், முடியவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"அழுவாதடா. தொப்பி போட்டுக்கிட்டு அழுதா கொரங்கு மாதிரி இருக்கு. என்ன மிஷின் சொல்றான்?"

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான். ஒரு கம்பெனிக்காரன் வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் பழையதைவிடப் பெரியதாகப் போடச் சொல்கிறான். இன்னொருவன் ரூம் ரூமாக அளந்து, ஜன்னலை எண்ணி, பழையதைவிடச் சின்னது போதும் என்கிறான். கேஸும் கம்மியாகச் செலவாகுமாம், ஆனால் விலை கூட.

"அளந்தவன்கிட்ட வாங்கு."

"ஏம்மா?"

"அளந்தான்ல. பெருசு வாங்கினா நின்னு நின்னுதான் ஓடும். அப்புறம் அந்தத் தகரக் குழாயில எங்கயாவது கசியுதான்னு பாக்கச் சொல்லு. குழாய் ஒழுவுனா எந்த மிஷின் வாங்கியும் புண்ணியமில்ல. கையை வச்சுப் பாத்தாலே தெரியும். அந்த அலாரத்தையும் தூக்கிப் போட்டுராத, புதுசுலயும் மாட்டு."

"அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றோம்மா."

"வா. ஏசி எங்க போவப்போவுது."

"அது வரைக்கும் நீ போட்டுக்கம்மா. நீயாவது நல்லாத் தூங்கு."

"எனக்குக் குளிர் ஆவாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றாள். அவனுக்குத் தெரியாது. ஐஸ் ரூமைப் பற்றி அவள் அவனிடம் சொன்னதெல்லாம் சம்பளம் எவ்வளவு என்பது மட்டும்தான்.

அடுத்த வாரம் புதுப் பெட்டி வந்து, அனு பனியனோடு ஓடித்திரிகிறாள் என்று போனில் காட்டினான். அலாரம் பக்கத்தில் பச்சை விளக்கு எரிவதையும் காட்டினான். சுப்பம்மாள் பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் விளக்கைப் பார்த்தாள்.

மிஷினைச் சும்மா போட்டால் கெட்டுப்போகும் என்று ஜுல்ஃபிகர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டாள். மத்தியானம் ஒரு மணிக்குக் கரண்டு வரும் வாரத்தில், தெரு முழுக்கப் பிள்ளைகள் "மீ லாபி! மீ லாபி!" என்று கத்துவார்கள், கரண்டு வந்துவிட்டது என்று அர்த்தம். சுப்பம்மாள் கண்ணாடி ஜன்னலைச் சாத்துவாள். பெட்டியிலிருந்து ஐஸ் ரூமில் போட்டிருந்த பழைய ஸ்வெட்டரை எடுத்து மாட்டிக்கொள்வாள். ரிமோட்டை அமுக்குவாள். மிஷின் வாயைத் திறந்து மெல்ல மூச்சு விடும். அவள் சுருட்டின மெத்தை மேல் உட்கார்ந்து விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நல்ல மிஷின்தான். அறைக்குத் தக்கன மிஷின். நின்று நின்று ஓடவில்லை. அரை மணி நேரத்தில் நாலு விரலும் வலிக்க ஆரம்பிக்கும்.

மணி மட்டும் அடிக்கவில்லை.

முதல் சனிக்கிழமை அடிக்கவில்லை. இரண்டாவது சனிக்கிழமையும் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு வழக்கமாக வருகிற ரொட்டிக்காரன் குரல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லேசாகக் கேட்டது. மூன்றாவது வீட்டில் நின்றான், பேசினான், போய்விட்டான். துளைக்குள் கயிறு ஆடாமல் கிடந்தது. மூன்றாவது சனிக்கிழமை அவள் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து கீழே பார்த்துக் கத்தினாள்.

"டேய் வாஜித்! ரொட்டிக்காரன் ஏன்டா என் கயித்த இழுக்க மாட்டேங்கிறான்? கடன் ஏதும் சொன்னேனா?"

வாஜித் கடையை விட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். வாயில் வெற்றிலை, அதைத் துப்பிவிட்டுச் சொன்னான்.

"ஜன்னலு சாத்தியிருந்துச்சு பெரியம்மா. சாத்தியிருந்தா வீட்டுல ஆளில்லன்னு அர்த்தம். எவன் இழுப்பான்?"

சுப்பம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மைதானே. இந்தத் தெருவில் எந்தக் கூடைக்காரியும் முதலில் ஜன்னலைத்தான் பார்ப்பாள்; திறந்திருந்தால்தான் கயிற்றுக்கே கை போகும். நாற்பது வருஷமாக இதே ஜன்னலில் நின்றவளுக்கு இது தெரியாதா? துளை போட்டோம், மணியை உள்ளே கட்டினோம் என்று கெட்டிக்காரத்தனமாக நினைத்துக்கொண்டிருந்தாளே ஒழிய, இழுக்கிறவன் கண் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

"மூணு வாரமா சனிக்கெழம நீங்க எங்கயோ போயிட்டீங்கன்னுதான் நானே நெனச்சேன்" என்றான் வாஜித்.

"நான் எங்கடா போவேன்?"

சத்தமாகத்தான் சொன்னாள், திட்டுகிற மாதிரிதான் சொன்னாள். வாஜித் கயிற்றை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, யாரோ வெற்றிலை கேட்டார்கள் என்று உள்ளே போனான்.

திஞ்ஜான் வந்தது. நாலு நாளும் தெருவில் தண்ணீர், கூச்சல், டிரம். அவர்கள் வந்திருக்கவேண்டிய நாள் வியாழக்கிழமை, அதுவும் போயிற்று. சனிக்கிழமை தெரு ஈரமாக, ஓய்ந்துபோய்க் கிடந்தது. ஒரு மணிக்குக் கரண்டு வந்தது. கத்துவதற்குக்கூட அன்றைக்குப் பிள்ளைகள் இல்லை. சுவரில் ஃபேன் தானாகச் சுற்றியதை வைத்துத் தெரிந்துகொண்டாள். ஜன்னலைச் சாத்தினாள். ஸ்வெட்டரை மாட்டினாள். மிஷின் மூச்சு விட்டது. தாள் இன்னும் அதன் முகத்தில் ஒட்டியிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் பசை விட்டு, காற்றுக்கு மெல்லப் படபடத்தது.

அரை மணி ஆயிற்று. விரல் வலிக்க ஆரம்பித்தது.

கணீர் என்றது.

முதலில் அவள் அலாரம் என்றுதான் நினைத்தாள், மகன் வீட்டு அலாரம். அப்புறம்தான் மணியைப் பார்த்தாள். ஆடிக்கொண்டிருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள்.

வாஜித் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிளிப்பில் ஒன்றும் இல்லை.

"என்னாடா?"

"ஒண்ணுமில்ல பெரியம்மா."

"ஒண்ணுமில்லாமயா இழுத்த? செத்துட்டனான்னு பாத்தியா?"

"மணி வேலை செய்யுதான்னு பாத்தேன். ஜன்னலு சாத்தியிருந்தா கேக்குமா கேக்காதான்னு…"

"கேக்குது."

"சரி."

"தண்ணி ஊத்தி ஊத்தி ஒன் கடைத் தகரம் கழுவியாச்சு போல. அந்த ஸ்பேனர் விழுந்த பள்ளம் இங்கேருந்து தெரியுது."

"அதை மாத்தணும் பெரியம்மா. மழைக்கு முன்னாடி மாத்தணும்." வாஜித் கழுத்தைத் தடவினான். "என்னா, ஜிலுஜிலுன்னு கீழ வரைக்கும் வருது? மிஷின் ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப ஜன்னலச் சாத்துங்க. குளிரு பூரா தெருவுக்குல்ல வருது."

"என் கரண்டு. நீ கடையப் பாரு" என்றாள் சுப்பம்மாள். சாத்தவில்லை. ஜன்னல் கம்பியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஸ்வெட்டரோடு, அந்த ஏப்ரல் வெயிலில் நின்று, எந்தத் தகரம் மழைக்குத் தாங்கும் என்று அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தாள்.